மஞ்சளாய்த் தெரிந்த சுவரும் மருந்து தர மறுத்த கையும்

மருந்தகத்தின் மூத்தவரே, மாத்திரையின் மறுபக்கம் பார்த்தவரே, முப்பத்தோராண்டு மூன்றாம் எண் கவுன்ட்டரில் முகம் கோணாமல் நின்றவரே, எங்கள் அக்கா அவர்களே,

வணக்கம்.

இது போன்ற பணி ஓய்வு மடல்களில் கடல் வரும், மலை வரும், கலங்கரை விளக்கம் வரும். சென்ற ஆண்டு எக்ஸ்ரே பிரிவின் மூத்தவருக்கு வாசித்த மடலில் மூன்றும் வந்தன. பின்வரிசையில் இருந்த நீங்கள் பக்கத்திலிருந்தவரிடம், கலங்கரை விளக்கத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். கிண்டலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது. அதனால் அவற்றை விட்டுவிட்டோம்.

இன்னொரு சிக்கல். முகத்துக்கு நேரே எதைச் சொன்னாலும் நடுவில் கையைத் தூக்கித் திருத்துவீர்கள். ஆகவே வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லப்போகிறோம். பிறர் கதை என்றால் நீங்கள் கடைசிவரை கேட்பீர்கள்.

ஒரு மருத்துவமனை. தரைத்தளத்தில் மருந்தகம். நான்கு கவுன்ட்டர்கள். மூன்றாவது, இதயம் தளர்ந்தவர்களுக்கானது. நின்றுபோனவர்கள் அல்ல, தளர்ந்தவர்கள். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் பிடிக்கும். படுத்தால் இரண்டு தலையணை வேண்டும். மாதம் ஒருமுறை வந்து ஒரு பை நிறைய மாத்திரை வாங்கிப் போவார்கள்.

அந்தக் கவுன்ட்டருக்கு வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. வந்த முதல் வாரத்திலேயே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன செய்யுது, சொல்லுங்க பார்ப்போம் என்பார். சொன்னால்தான் கை நீளும். வரிசை நகராது. மூணாம் கவுன்ட்டர்ல நின்னா பரீட்சை எழுதிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும் என்று பேச்சு கிளம்பியது. சிவப்பு மாத்திரை காலையில போடறது, வெள்ளை மாத்திரை பொண்டாட்டி முறைச்சாப் போடறது என்று ஒருவர் பதில் எழுதினார். அவரையும் விடவில்லை. சரியான விடை வரும்வரை நிற்க வைத்தார்.

ஒருநாள் பரீட்சை திரும்பியது. தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி, புதிதாக எழுதித்தந்த மாத்திரையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "என் இதயம் பலவீனமா இருக்குன்னு நீங்கதான் சொல்றீங்க. அதை இன்னும் மெதுவாக்குற மாத்திரையையும் நீங்கதான் தர்றீங்க. இது என்னம்மா நியாயம்?"

அவருக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். அடுத்த மாதம் வரும்போது சொல்கிறேன் என்றும் சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

மூன்றாம் மாடியில் ஆய்வுக்கூடம். அங்கே ஒல்லியான ஓர் ஆய்வாளர் எலியின் இதயத்திலிருந்து செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்தகத்தில் அவருக்குப் பெயர் செல்காரர். அவர் நுண்ணோக்கியைக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார்.

ஒரே ஒரு செல். செங்கல் போல நீள்சதுரம். குறுக்கே நெருக்கமான கோடுகள். பக்கத்தில் ஒன்றுமில்லை. இதயம் இல்லை, ரத்தம் இல்லை, எலியும் இல்லை. மின்சாரம் லேசாகத் தொடும்போதெல்லாம் அது இரு பக்கமும் சுருங்கி விரிந்தது.

இதுக்கு இன்னும் வேலை செய்யணும்னு யார் சொன்னாங்க என்று கேட்டார். செல்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, நல்ல கேள்விதான் என்றார். அன்று டப்பா திறக்கப்படவில்லை.

தையல்காரப் பெண்மணிக்கான விடையும் அங்கேதான் கிடைத்தது. இதயம் தளர்ந்தால் உடம்பு பயந்துபோய் அட்ரினலினை அனுப்பும். அது செல்லின் கதவைத் தட்டும். ஓடு, ஓடு என்று விரட்டும். முதலில் செல் ஓடும். நாள் முழுக்க, வருடம் முழுக்கத் தட்டினால் என்ன செய்யும்? கதவுகளையே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சேமித்த கால்சியம் கசியத் தொடங்கும். அந்த மாத்திரை கதவில் போய் உட்கார்ந்து தட்டுகிற கையை மறிக்கிறது. செல் மூச்சு விடுகிறது. சில மாதங்களில் இழுத்துக்கொண்ட கதவுகள் மெல்ல வெளியே வருகின்றன.

அடுத்த மாதம் அந்தப் பெண்மணியிடம் இதை இப்படிச் சொன்னார்: "மாடு நடக்கலைன்னு சாட்டையால அடிச்சுக்கிட்டே இருக்கோம். இந்த மாத்திரை மாட்டைத் தொடாது. சாட்டையைப் பிடுங்கி வச்சுக்கும்."

அப்போ சரி என்று வாங்கிப் போனார். தவறாமல் போட்டும் வந்தார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை மதியங்களில் அக்கா மூன்றாம் மாடியில்தான் இருப்பார். மற்ற நாட்களிலும் ஏதாவது ஒரு மாத்திரை மனதில் முள்ளாய் நின்றால் ஏறிவிடுவார். மதிய நேரத்தில் அவர் கவுன்ட்டருக்கு முறைவைத்து எங்களில் ஒருவர் நிற்போம். இது முக்கியம். பின்னால் வரும்.

எல்லா மாத்திரைகளிலும் அவரை அதிகம் படுத்தியது டிஜாக்சின். பழைய மருந்து. ஒரு செடியின் இலையிலிருந்து வந்தது. கடுகளவு. இதயத்தை அழுத்தமாகச் சுருங்க வைக்கும். ஆனால் அது இதயத்தின் சுருங்கும் இழையைத் தொடுவதே இல்லை என்று செல்காரர் சொன்னபோது அவருக்குத் தூக்கம் போனது. தொடாமல் எப்படி?

மூன்று வியாழக்கிழமைகள் ஆயின. விடை ஒரு பம்பில் இருந்தது.

ஒவ்வொரு செல்லின் சுவரிலும் சின்னஞ்சிறு பம்புகள் இருக்கின்றன. உள்ளே நுழைந்துவிட்ட சோடியத்தை மூன்று மூன்றாக வெளியே தள்ளும். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வராது, வெளியே இருக்கும் பொட்டாசியத்தை இரண்டு இரண்டாக உள்ளே கொண்டுவரும். நாம் தூங்கும்போதும் இதே வேலை. டிஜாக்சின் இந்தப் பம்புகளில் சிலவற்றின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவை நின்றுவிடுகின்றன. உள்ளே சோடியம் கொஞ்சம் கூடுகிறது. அதே சுவரில் வேறொரு வாசல் உண்டு. அது சோடியத்தை உள்ளே விட்டு, அந்த வேகத்தில் கால்சியத்தை வெளியே தள்ளுவது. உள்ளே ஏற்கனவே சோடியம் நின்றால் அந்த வாசல் மந்தமாகிறது. வெளியே போயிருக்க வேண்டிய கால்சியம் போகவில்லை. செல் அதைத் தன் கிடங்கில் போட்டுக்கொள்கிறது. அடுத்த துடிப்புக்குக் கிடங்கு திறக்கும்போது வழக்கத்தைவிட அதிகக் கால்சியம் பாய்கிறது. செல் இறுகச் சுருங்குகிறது.

"அப்போ இது இதயத்துக்குப் பலம் தர்ற மருந்தே இல்ல," என்றார் அக்கா. "சாக்கடையை லேசா அடைச்சு, அந்தத் தண்ணியில தோட்டம் போடற மருந்து."

லேசா என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் செல்காரர். நிறைய அடைத்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும். கிடங்கு நிரம்பி வழிந்தால் கால்சியம் நேரங்கெட்ட நேரத்தில் கசியும். இதயம் இடையிடையே தேவையில்லாத துடிப்புகளைத் துடிக்கும். சிலசமயம் அதோடு நின்றேபோகும்.

இதற்கெல்லாம் நடுவில் அக்கா ஒரு சீட்டு எழுதினார். அவருடைய பெருமை அந்தச் சீட்டு. இதய நோயாளிகள் சிலருக்குப் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்துவைக்கும் மாத்திரை ஒன்று தருவார்கள். அதைச் சாப்பிடுபவர்கள் பொட்டாசியம் நிறைந்த உணவைக் குறைக்க வேண்டும். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்து எழுதினார். வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை என்று வரிசையாக, பெரிய எழுத்தில், மேலே "தவிர்க்க வேண்டியவை" என்று தலைப்பிட்டு. அதன் அடியில் சிவப்பு மையில் "கண்டிப்பாக". நாங்கள் நகலெடுத்துப் பையோடு சேர்த்துக் கொடுத்தோம். நன்றாக வேலை செய்தது. மற்ற மருத்துவமனைகள் கேட்டு வாங்கிப் போயின.

இனி பெயின்டர்.

சுவருக்கு வண்ணம் அடிப்பவர். ஐம்பத்திரண்டு வயது. ஏணியில் ஏற முடியாமல் போனபோது வந்து சேர்ந்தவர், டிஜாக்சினும் மற்ற மாத்திரைகளும் பிடித்துக்கொள்ள, மறுபடி ஏணி ஏறினார். வேலைக்கு நடுவே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், முழங்கை வரை வண்ணத்தோடு வந்து மருந்து வாங்கிப் போவார். பரீட்சையில் எப்போதும் நூற்றுக்கு நூறு. சொன்னதைச் செய்யும் ஆள். அதிலும் அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதித்தந்த தாளை மட்டும் சட்டைப்பையிலேயே வைத்துத் துவைத்துவிடுவார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதக் காலையில், வழக்கத்துக்கு மாறாக ஒன்பதரை மணிக்கே வந்தார். கூட மனைவி. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

சண்டை பெயின்ட் டப்பாவைப் பற்றியது. கடைக்காரன் வெள்ளை என்று சொல்லி மஞ்சள் கலந்ததைத் தலையில் கட்டிவிட்டான் என்பது கணவர் கட்சி. பால் மாதிரி வெள்ளை, இந்த மனுஷனுக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்பது மனைவி கட்சி. மூன்று டப்பா திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கடைக்காரனோடு கைகலப்பு ஆகாத குறை. வெள்ளையடிக்கச் சொன்ன வீட்டின் சொந்தக்காரர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

முப்பது வருடமாக வெள்ளை அடிக்கிறவனுக்கு வெள்ளை தெரியாதா என்று கேட்டார் பெயின்டர். கேட்டுவிட்டு அக்காவின் மேலங்கியைப் பார்த்தார். "உங்க கோட்டுகூடப் பழசாயிடுச்சும்மா. மஞ்சளா இருக்கு."

மேலங்கி அந்த வாரம் வாங்கியது.

அக்கா மாத்திரைப் பையை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டியிருந்தார். கை அப்படியே நின்றது. பிறகு பையோடு பின்னால் போனது.

சாப்பாடு எப்படி என்று கேட்டார். பத்து நாளாகச் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றார் மனைவி. மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று கேட்டார். வேளை தவறியதில்லை என்றார் பெயின்டர், சற்றுப் பெருமையாகவே.

"இன்னைக்கு உங்களுக்கு மருந்து கிடையாது," என்றார் அக்கா.

பெயின்டருக்குக் கோபம் வந்தது. வேலையும் போய், வெள்ளையும் போய், மருந்தும் இல்லையா? பின்னால் நின்ற இருபது பேருக்கும் கோபம் வந்தது. அக்கா கவுன்ட்டர் பலகையைத் திருப்பி வைத்தார். பகலில் மூடக்கூடாத கவுன்ட்டர் அது. பெயின்டரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் மருத்துவர். நல்லவர். ஈ.சி.ஜி. எடுத்தார். நடுநடுவே இடறிய துடிப்புகள் தெரிந்தன. தளர்ந்த இதயத்தில் அது புதிதில்லை. ரத்தம் எடுத்தார். டிஜாக்சின் அளவு முதலில் வந்தது. எல்லைக்குள் இருந்தது. மேல் எல்லைக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் உள்ளே.

அளவு சரியாத்தானே இருக்கு, மருந்தைக் குடுத்து அனுப்புங்க, கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க என்றார்.

அக்கா நகரவில்லை. பொட்டாசியம் வரட்டும் என்றார். பொட்டாசியம் வர இன்னும் அரை மணி ஆகும். மருந்தின் அளவு சரியாக இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். சலிப்பாகத்தான் கேட்டார். அக்காவுக்குக் கேள்விதான் முக்கியம், குரல் அல்ல. கையில் கிடைத்த கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் பம்பை வரைந்தார்.

"சோடியத்தை வெளியே விட்டுட்டு இந்தப் பம்பு வாசல்ல நின்னு பொட்டாசியத்துக்காகக் காத்திருக்கும் டாக்டர். அந்த நேரத்துலதான் மருந்து வந்து மேல உட்காரும். பொட்டாசியம் நிறைய இருந்தா பம்பு நிக்காம உடனே உள்ளே திரும்பிடும், மருந்துக்கு எடமில்ல. பொட்டாசியம் இல்லைன்னா பம்பு காத்துக்கிட்டே நிக்கும். மருந்து அதே அளவுதான். பிடிபடற பம்புதான் ஜாஸ்தி."

மருத்துவர் பெட்டியைப் பார்த்தார். கண்ணில் ஏன் மஞ்சள் என்று கேட்டார். இப்போது குரலில் சலிப்பில்லை.

அதே பம்பு விழித்திரையில் நிறம் பார்க்கும் செல்லிலும் இருக்கிறது என்றார் அக்கா. அது இதயத்துக்கென்று தனியாகச் செய்த பம்பு இல்லை. மருந்துக்கு முகவரி தெரியாது. எங்கே பம்பைக் கண்டாலும் உட்காரும். சுவர் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் கண்ணில் அடைத்துவிட்டது. கண்ணில் அடைத்திருந்தால் இதயத்தில்?

பொட்டாசியம் வந்தது. மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது இரண்டே கால் இருந்தது. பெயின்டரை மேலே கொண்டுபோகும் வழியில், லிஃப்டுக்குள்ளேயே, கூடவே வந்த மானிட்டர் திரையில் இதயம் ஏழெட்டுத் துடிப்பு தறிகெட்டு ஓடித் திரும்பியது. ஓடியபோது அவர் கண்கள் மேலே செருகின. திரும்பியபோது, லிஃப்டுக்கும் மஞ்சள் அடிச்சிருக்கீங்களா என்று கேட்டார்.

அவர் பிழைப்பாரா என்பது அடுத்த சில நாட்கள் தெரியவில்லை. டிரிப்ஸில் பொட்டாசியத்தை மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அவசரப்பட்டால் அதுவே இதயத்தை நிறுத்தும். ஏற்கனவே போன மருந்து சிறுநீரகம் வழியாக இறங்க வேண்டும். அதற்கும் அவசரம் தெரியாது.

அக்காவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பொட்டாசியம் எங்கே போனது? பாதி விடை கோப்பில் இருந்தது. பெயின்டருக்கு மார்பு வீங்கி வலித்ததால், அந்தப் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் மாத்திரையை மார்ச் மாதத்தில் நிறுத்தியிருந்தார்கள். கால் வீக்கத்துக்காக ஆகஸ்டில் நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். நீர் மாத்திரை தண்ணீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் மூன்று வேளை நன்றாகச் சாப்பிடும் மனிதருக்கு இவ்வளவு இறங்காது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நாற்காலியில் மனைவி இருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பழம் ஏதாவது சாப்பிடுவாரா என்று கேட்டார்.

மனைவி அவரை விநோதமாகப் பார்த்தார். "என்னம்மா நீங்களே இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே வேணாம்னீங்க. வீட்டுல ஒரு தக்காளி உள்ள வர விட்டாரா? பேரப்பிள்ளை ஆரஞ்சு தின்னாக்கூட வாசல்ல போய்த் தின்னச் சொல்லுவாரு. சமையக்கட்டுச் சுவத்துல உங்க சீட்டை ஒட்டி, அழியக்கூடாதுன்னு மேல வார்னிஷ் வேற அடிச்சு வச்சிருக்காரு."

மாத்திரை நின்றது. சீட்டு நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்தியவர்கள் சீட்டை மறந்தார்கள். சீட்டை எழுதியவர், அது எந்த மாத்திரைக்கானது என்று அதில் எழுதியிருக்கவில்லை. எட்டு மாதம் ஒரு மனிதர், சொன்ன சொல் தவறாமல், தன் இதயத்துக்கு வேண்டியதை ஒவ்வொரு நாளும் ஒதுக்கிவைத்தார்.

அக்கா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அது என் தப்பு என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்றார். அதைக் கேட்டபோதுதான் அழுகை வந்ததாக அக்கா பின்னால் சொன்னார்.

நான்காம் நாள் துடிப்பு சீரானது. ஆறாம் நாள் காலை பெயின்டர் படுக்கையிலிருந்து சுவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, இந்தச் சுவரை அடித்தவனுக்கு வேலை தெரியாது, வெள்ளையில் நீலம் கூடிவிட்டது என்றார். நர்ஸ் ஓடிவந்து எங்களிடம் சொன்னார். சுவர் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. மருத்துவமனை மலரில்கூட வந்தது, சீட்டு விஷயம் இல்லாமல்.

இனி தெரியாதது.

தவறு நடந்தால் ஒரு படிவம் எழுத வேண்டும். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவரே வாங்கி எழுதினார். கடைசிக் கட்டம்: பொறுப்பானவர். அதில் தன் பெயரை மட்டும் எழுதினார். கண்காணிப்பாளர் மருந்தகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரை அழைத்தார். மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு முறை மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. எட்டுக் கையெழுத்தில் இரண்டுதான் அவருடையவை. மற்றவை மதியத்தில் நின்றவர்களுடையவை. நோயாளியின் பழைய சீட்டைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டியவர்கள் அந்த ஆறு பேரும்தானே, ஏன் ஒரே பெயர் என்று கேட்டார்.

"சீட்டு என்னுது சார். அவங்க மாத்திரையைச் சரியாத்தான் குடுத்திருக்காங்க. ஆகஸ்டுல நீர் மாத்திரையைக் கூட்டிக் குடுத்தது நான். இது என்ன செய்யுதுன்னு கேட்டேன், சரியாச் சொன்னாரு. என்ன சாப்பிடறீங்கன்னு நான் கேக்கல."

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. ஆறு பேரும் வெளியே நின்றிருந்தோம். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஒருவர் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. யாராவது போனால் போகலாம் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தோம். அக்கா வெளியே வந்து, டீ குடிச்சாச்சா என்று கேட்டுவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனார்.

அந்த ஆண்டு தலைமை மருந்தாளுநர் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. படிவத்துக்குப் பிறகு அது இல்லை. மறுபடி வரவும் இல்லை. அவருக்குப் பின் சேர்ந்த, பதிவேட்டில் கையெழுத்துள்ள ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். அக்கா அவரை வாழ்த்திவிட்டு, புதிய சீட்டை நீட்டி ஒப்புதல் கேட்டார். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. மேலே மாத்திரையின் பெயர் இருக்கும். கீழே ஒரு வரி: "இந்த மாத்திரை நின்றால் இந்தச் சீட்டைக் கிழித்துவிடவும்." அவருடைய பரீட்சையிலும் ஒரு கேள்வி கூடியது. மாத்திரை என்ன செய்யுது என்று கேட்ட பிறகு, நீங்க எதையெல்லாம் நிறுத்தியிருக்கீங்க என்று கேட்பார். வரிசை இன்னும் மெதுவானது.

பெயின்டர் இருக்கிறார். டிஜாக்சின் இல்லாமல், வேறு மாத்திரைகளோடு. ஏணியில் இவர் ஏறுவதில்லை, கீழே நின்று மேலே நிற்பவரைத் திட்டுகிறார்.

அக்கா, பிறர் கதை முடிந்தது. இனி நேராகவே பேசுகிறோம். கையைத் தூக்காதீர்கள்.

உங்கள் அறிவைப் பாராட்டி இந்த மடலை எழுதத் தொடங்கினோம். மூன்று நாள் எழுதியும் வரவில்லை. உங்களைப் பாராட்டும் எந்த வரியும் அந்தப் பாதி திறந்த கதவில் வந்து நின்றது. பம்பைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுதியதற்குப் புத்தகம் கிடையாது. ஏழு ஆண்டுகள் ஒருமுறைகூட எங்களிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது. நீங்கள் எதையும் மறப்பவரில்லை.

மன்னிப்புக் கேட்க இது இடமில்லை, சட்டம் போட்டு மாட்டும் தாள் இது. ஆனால் கையெழுத்துப் போட இடம் இருக்கிறது. ஆகவே போடுகிறோம். இதன் நகல் ஒன்று இன்று காலை கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அந்தப் படிவத்தோடு சேர்க்கப்பட்டது. அதனால் இன்று உங்களுக்கு எதுவும் திரும்பி வராது. எங்களுக்கு ஏதாவது வரலாம். வரட்டும்.

நீங்கள் நலமாக வாழ வேண்டும். வரிசை காத்திருக்காத காலைகளில் மெதுவாக எழுந்து, மனதில் பட்டதையெல்லாம் ஏன் என்று கேட்டு, விடை கிடைக்காத ஒன்றுக்காக இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம் என்று இருந்து, அப்படியே தொண்ணூறைத் தாண்ட வேண்டும். மூன்றாம் மாடியில் வியாழக்கிழமை மதியம் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். செல்காரர் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,

மார்ச் மாதம் மருந்து கொடுத்தவர்
ஏப்ரல் மாதம் மருந்து கொடுத்தவர்
ஜூன் மாதம் மருந்து கொடுத்தவர்
ஜூலை மாதம் மருந்து கொடுத்தவர், இன்று தலைமை மருந்தாளுநர்
செப்டம்பர் மாதம் மருந்து கொடுத்தவர்
அக்டோபர் மாதம் மருந்து கொடுத்தவர்

மே மாதமும் ஆகஸ்டு மாதமும் உங்களுடையவை. அவற்றுக்கு நீங்கள் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.